நாற்பத்தேழாம் எண்ணின் மனநிறைவு

குறடு என்று எல்லோரும் கூப்பிட்ட அந்தக் குழாய்க்காரருக்கு ஒரு காலத்தில் கெட்ட பழக்கம் ஒன்று இருந்தது. குடி அல்ல, சீட்டும் அல்ல. தன் வேலையைத் தானே தீர்மானித்துக்கொண்டிருந்தார்.

ஹார்டுவேர் கடை வாசலில் காலி பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு, தன்னைப் போல இன்னும் மூன்று பேரோடு உட்கார்ந்திருப்பார். யாராவது வந்து "சிங்க் அடைச்சுக்கிச்சு" என்றால் முதலில் ஆளை மேலும் கீழும் பார்ப்பார். பிடித்திருந்தால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார். பிடிக்காவிட்டால் "இன்னைக்குத் தோதுப்படாதுங்க" என்பார். அன்றைக்கு முழுக்க வேறு வேலையே வராது என்று அவருக்கும் தெரியும், டப்பாவுக்கும் தெரியும். ஒருமுறை பெரிய வீட்டுக்காரர் ஒருவர், ஸ்பேனரைப் பிடிக்கும் விதமே தப்பு என்று பக்கத்தில் நின்று பாடம் நடத்தினார். குறடு ஸ்பேனரை அவர் கையிலேயே கொடுத்து, "அப்ப நீங்களே முடிச்சிருங்க சார், கூலிகூட வேணாம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிவிட்டார். பாதி கழற்றிய குழாயோடு அந்த மனிதர் எவ்வளவு நேரம் குளியலறையில் நின்றார் என்பது வரலாற்றில் பதிவாகவில்லை. ஸ்பேனரைத் திரும்ப வாங்கிவர மறுநாள் அந்த வாசலில் போய் நின்றது குறடின் மனைவி என்பது மட்டும் பதிவாகியிருக்கிறது, மனைவியின் மனத்தில்.

"ரோஷம் நல்லாத்தான் இருக்கு. ஒரு கிலோ எவ்வளவுக்கு எடுப்பான்னு கடையில கேட்டுட்டு வாங்க" என்றார் அந்த அம்மாள்.

வீடு என்பது ஒன்றரை அறை. அந்த அரை அறையில் மகள் படித்தாள். ஓட்டு விரிசலுக்குக் கீழே வாளி, வாளிக்குப் பக்கத்தில் புத்தகம். மற்றவர் வீட்டு ஒழுகலையெல்லாம் அடைத்தவர் தன் வீட்டு ஒழுகலை அடைக்க சிமென்ட் வாங்க முடியாமல் இருந்ததை ஒரு முரண்பாடாக அவர் கருதியதில்லை. மாதத்தின் கடைசி வாரம் வந்தால் வீட்டுக்காரரின் செருப்புச் சத்தத்தைத் தெருமுனையிலேயே கண்டுபிடித்துவிடுவார். உடனே அவருக்குக் கொல்லைப் பக்கம் ஏதாவது அவசர வேலை வந்துவிடும். மனைவிக்குக் கடைவாய்ப்பல் ஒன்று இரண்டு வருடமாக வலித்துக்கொண்டிருந்தது. அதை அவர் இடப்பக்கம் மென்று சமாளித்தார்.

இப்படியிருக்கும்போதுதான் மகளுக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்தது. நான்கு வருடம். மனைவியின் தம்பி, பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் பராமரிப்புக் கம்பெனியில் சூப்பர்வைசர். கழுத்தில் அடையாள அட்டை தொங்கும்; சாப்பிடும்போதுகூட அதைக் கழற்ற மாட்டான். அவன் வந்து சொன்னான்.

"மாமா, இடம் காலியா இருக்கு. நீங்க இப்ப சம்பாதிக்கிறதுல மூணு பங்கு சம்பளம். ஒண்ணாம் தேதி ஆச்சுன்னா பேங்க்ல வந்து விழுந்துடும். ஒரே ஒரு கண்டிஷன். வாயைத் திறக்கக் கூடாது."

"பல்லு விளக்கலாமா மச்சான்?"

"பாத்தியாக்கா? இதைத்தான் சொல்றேன்."

அக்கா தம்பியைப் பார்க்கவில்லை. கணவரின் வலது கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டார். "நாலே நாலு வருஷம். அவ படிச்சு முடிக்கிற வரைக்கும் எவன் என்ன சொன்னாலும் கோவிச்சுக்கிட்டு இறங்கி வரமாட்டேன்னு என் தலையில அடிச்சுச் சொல்லுங்க."

குறடு சொன்னார். சொன்னதை அவர் கடைப்பிடித்தார் என்பதுதான் இந்த வரலாற்றின் துயரம்.

பணத்தால் சந்தோஷம் வராது என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களில் எவரும் மூன்று மாத வாடகை பாக்கியோடு அதைச் சொன்னதாகத் தகவல் இல்லை. முதல் வருடம் குறடு வீட்டில் சந்தோஷம் வந்தது. ஒண்ணாம் தேதிதோறும், மச்சான் சொன்னபடியே வந்தது. ஓடு மாற்றினார்கள். பல்லைப் பிடுங்கினார்கள். மனைவி வலப்பக்கம் மென்றார். மகளின் கட்டணம் கெடுவுக்கு முன்பே போனது. கடைசி வார இரவுகளில் குறடு குறட்டை விட்டுத் தூங்கினார். வீட்டுக்காரர் எதிரே வந்தால் நின்று நலம்கூட விசாரித்தார்.

கம்பெனி அவருக்குச் சாம்பல் நிறச் சீருடை இரண்டு, சட்டைப்பையின் மேல் தைத்த நாற்பத்தேழு என்ற எண், ஒரு கைபேசி ஆகியவற்றைக் கொடுத்தது. குடியிருப்பவர் தன் கைபேசியில் புகார் போடுவார். அது கன்ட்ரோல் ரூமுக்குப் போய், எண் பெற்று, டிக்கெட்டாக நாற்பத்தேழின் கைபேசியில் விழும். டிக்கெட்டில் வாஷர் மாற்று என்று இருந்தால் வாஷரை மாற்றலாம். பக்கத்தில் குழாயே பிய்ந்து தொங்கினாலும் அதைப் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு மாடியிலும் நடைபாதைச் சுவருக்குள் ஓர் அலமாரி. அதில் அந்தந்த வீட்டுக்குப் போகும் தண்ணீரை அடைக்கும் வால்வுகள். ஒவ்வொரு வால்வின் கைப்பிடியிலும் சிவப்பு பிளாஸ்டிக் சீல், அதில் ஒரு எண். டிக்கெட் இல்லாமல் சீலை அறுத்தால் வேலை போய்விடும். பழைய முப்பத்தொன்றாம் எண், தண்ணீர் அடைக்கப்பட்டிருந்த வீட்டில் ஒரு குழந்தை குளிக்கத் தண்ணீர் கேட்டதே என்று அறுத்தார். இப்போது முப்பத்தொன்று வேறொருவர்.

எட்டாவது மாதத்தில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. படிக்கட்டுப் பக்கம் இருந்த பொதுக்குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. குறடு போகிற போக்கில், மற்றவர்கள் பூனையைத் தடவிக்கொடுப்பதுபோல, அதை ஒரு திருகு திருகி நிறுத்திவிட்டுப் போனார். மறுநாள் மச்சான் கூப்பிட்டனுப்பினான்.

"மாமா, அந்தக் குழாய்க்கு டிக்கெட் இருந்துச்சா?"

"சொட்டிக்கிட்டு இருந்துச்சு மச்சான்."

"அதைக் கேக்கல. டிக்கெட்."

"இல்ல."

"பழைய நிலைக்குக் கொண்டாரச் சொல்லி மேலிருந்து எழுதியிருக்காங்க. போய் லூஸ் பண்ணிடுங்க. டிக்கெட் வந்ததும் டைட் பண்ணிக்கலாம்."

குறடு அவன் முகத்தைப் பார்த்தார். சிரிக்கிறானா என்று தேடினார். அவன் சிரிக்கவில்லை, பாவம், அவனுக்கும் மேலே ஒருவர் இருந்தார். குறடின் வாயில் ஒரு நல்ல பதில் வந்து நின்றது. அந்தப் பதிலோடு சேர்த்து ஸ்பேனரையும் மேசையில் வைத்துவிட்டு வருவதுதான் பழைய வழக்கம். வலது உள்ளங்கையில் மனைவியின் தலைமுடி தட்டுப்பட்டது. போனார். நன்றாக இருந்த குழாயைச் சொட்டும்படி செய்தார். முன்பு எவ்வளவு வேகத்தில் சொட்டியதோ அதே வேகம் வரும்வரை பார்த்துப் பார்த்துத் திருகினார். தொழில்சுத்தம் விட்டுப்போகவில்லை.

டிக்கெட் ஒன்பது நாள் கழித்து வந்தது.

அதற்குப் பிறகு அவர் வேலை மிகவும் சுலபமாகிவிட்டது. அவர் இல்லாமலேயே நடந்தது. கைபேசி கூப்பிட்டால் போனார், திருகச் சொன்னதைத் திருகினார். கோபத்தை அடக்குவது ஆரம்பத்தில்தான் சிரமம். இரண்டாம் வருடத்துக்குள் அடக்குவதற்கு உள்ளே ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. சம்பளம் இரண்டு முறை உயர்ந்தது. வீட்டுக்குச் சோபா வந்தது. சோபாவுக்கு எந்த நிறத்தில் உறை வாங்கலாம் என்று மனைவி கேட்டார்.

"எதுன்னாலும் சரி."

"நீலமா, பழுப்பா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்களேன்."

அவர் வெகுநேரம் யோசித்தார். பிறகு, தெரியாமல் செய்வதுபோல, கைபேசியை எடுத்துப் பார்த்தார். அதில் உறையைப் பற்றி ஒன்றும் வந்திருக்கவில்லை.

முதலில் அந்த அம்மாளுக்கு இது பெருமையாகத்தான் இருந்தது. அக்கம்பக்கத்தில் "எங்க வீட்டுக்காரரு நான் கிழிச்ச கோட்டைத் தாண்ட மாட்டாரு" என்று சொல்லிக்கொண்டார். எதிர்த்துப் பேசாத கணவன் வாய்க்க வேண்டும் என்று இருபது வருடம் வேண்டியவர் அவர். வாய்த்தபின் அவனோடு சண்டை போடவும் முடியவில்லை, பேசவும் முடியவில்லை. ஒருநாள் வேண்டுமென்றே தேநீரில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுக் கொடுத்தார். குறடு குடித்தார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார்.

"எப்படி இருந்துச்சு?"

"இருந்துச்சு."

அன்று மாலை மகள் வந்ததும் அந்த அம்மாள் சொன்னார்: "உங்கப்பாவுக்கு நாக்கு செத்துப்போச்சுடி. இல்ல, எது செத்துச்சுன்னு எனக்குச் சொல்லத் தெரியல."

மூன்றாம் வருடம் கம்பெனிக்குத் தன் ஊழியர்களின் மனநிறைவைப் பற்றித் திடீரென்று கவலை வந்தது. கணினியும் கையுமாக ஒரு பெண் வந்து, சாப்பாட்டு அறையில் ஒவ்வொருவராக உட்காரவைத்துக் கேள்வி கேட்டாள். ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போட வேண்டும். வருமானம் போதுமானதா? ஐந்து. இரவில் நன்றாகத் தூங்குகிறீர்களா? ஐந்து. பதினாலாவது கேள்வி வந்தது.

"உங்க வேலையில நீங்களே சுயமா முடிவெடுக்க முடியுதுன்னு நினைக்கிறீங்களா சார்?"

குறடு எழுந்துவிட்டார். "ஒரு நிமிஷம்மா. சூப்பர்வைசர்கிட்ட கேட்டுட்டு வந்துடறேன்."

அந்தப் பெண் நல்லவள், சிரிக்காமல் காத்திருந்தாள். அவர் திரும்பி வந்து, "அஞ்சு போட்டுக்கச் சொன்னாரு" என்றார். ஐந்து போட்டுக்கொண்டாள்.

எல்லோரும் ஐந்து போட்டதில், அந்தத் துறையிலேயே மிக மகிழ்ச்சியான பணியிடம் என்ற விருது கம்பெனிக்குக் கிடைத்தது. லிப்டுக்குள் ஒரு சுவரொட்டி ஒட்டினார்கள். அதில் சிரித்துக்கொண்டிருந்தது நாற்பத்தேழு. சிரிக்கச் சொன்ன இடத்தில் சிரித்த ஒரே ஆள் அவர்தானாம்.

விருது கொடுக்கும் விழா நான்காம் வருடத்தில், மகளின் கடைசித் தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, ஒரு புதன்கிழமை மதியம் நடந்தது. மச்சான் கோட்டு போட்டுக்கொண்டு போயிருந்தான். அந்த நேரத்தில் குறடு மூன்றாம் மாடியில் ஒரு வீட்டில் வாஷர் மாற்றிவிட்டு வெளியே வந்தார். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அங்கே தனியாக இருந்தவர் ஓய்வுபெற்ற டைப்பிஸ்ட் அம்மா, எழுபத்திரண்டு வயது. அந்தக் கட்டடத்தில் அவரை நாற்பத்தேழு என்று கூப்பிடாதவர் அந்த அம்மா ஒருவர்தான்.

"தம்பி, நல்லவேளை நீங்க இருக்கீங்க. சிங்க்குக்கு அடியில என்னமோ வெடிச்சுது. தண்ணி பீறிட்டு அடிக்குது."

குறடு எட்டிப் பார்த்தார். ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது: இணைப்புக்குழாய் கழன்றிருக்கிறது. சமையலறை முழுக்க ஏற்கெனவே கணுக்கால் நனையும் தண்ணீர். நடைபாதை அலமாரியைத் திறந்தார். மூன்றாவது வால்வு. கைப்பிடியில் கையை வைத்தார். விரலுக்கடியில் சிவப்பு சீல்.

"டிக்கெட் போட்டீங்களாம்மா?"

"அதுல என்னமோ பாஸ்வேர்டு கேக்குது தம்பி. இருங்க, போட்டுப் பாக்கிறேன்."

டைப்பிஸ்ட் அம்மாவின் விரல்கள் நாற்பது வருடம் ஒரு எழுத்துப் பிசகாமல் தட்டச்சு செய்தவை. கைபேசி அவற்றை மூன்று முறை தவறு என்றது. நான்காவது முறை அரைமணி நேரம் கழித்து வரச் சொன்னது. குறடு கன்ட்ரோல் ரூமைக் கூப்பிட்டார்.

"குடியிருக்கிறவங்கதான் போடணும். இல்லன்னா சூப்பர்வைசர் ஓக்கே குடுக்கணும்" என்றது கன்ட்ரோல் ரூம்.

"அவசரம்ங்க."

"அவசரம்னாதான் சூப்பர்வைசர்."

சூப்பர்வைசரைக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மச்சான் அப்போது மேடையில் நின்று, மகிழ்ச்சியான பணியிடத்தின் சார்பில் கண்ணாடிக் கோப்பை ஒன்றை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டிருந்தான். குறடு மறுபடி கூப்பிட்டார். மறுபடியும். ஒரு கையில் கைபேசி, இன்னொரு கை வால்வில். தண்ணீர் வாசற்படியைத் தாண்டி அவர் செருப்பைத் தொட்டது.

டைப்பிஸ்ட் அம்மா வால்வில் இருந்த அவர் கையைப் பார்த்தார். "சரி, நீங்க பாருங்க தம்பி. கட்டிலுக்கு அடியில பென்ஷன் பேப்பரெல்லாம் இருக்கு, எடுத்துட்டு வந்துடறேன்" என்று உள்ளே போனார்.

சற்று நேரத்தில் உள்ளே ஒரு சத்தம் கேட்டது. அரிசி மூட்டையை இறக்கி வைத்தாற்போல இருந்தது. பிறகு "தம்பி" என்று ஒரு குரல். மறுபடி "தம்பி".

அந்த நேரத்தில் அவர் உள்ளே ஓடினாரா என்றால், ஓடினார். மனிதர்தானே. குளிர்ந்த தண்ணீரில் ஒருக்களித்துக் கிடந்தவரைத் தூக்கப் பார்த்தார். அந்த அம்மா போட்ட கூச்சலில் கையை எடுத்துவிட்டார். தலைக்கடியில் ஒரு தலையணையைக் கொடுத்தார். அதுவும் நனைந்தது. ஆம்புலன்சைக் கூப்பிட்டார், அதற்கு டிக்கெட் தேவையில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கூப்பிட்டுவிட்டுத் திரும்ப வால்வுக்கு ஓடினார். கைப்பிடியில் கை வைத்தார். நின்றார். அப்போதும் தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது.

பதினோராவது நிமிடத்தில் கைபேசி அதிர்ந்தது. அங்கீகரிக்கப்பட்டது. சீலை அறுத்து வால்வைத் திருப்ப அவருக்கு நான்கு விநாடி பிடித்தது. வேலை முடிந்தது என்று அழுத்தினார். சற்று நேரம் கழித்து, எங்கள் ஊழியரின் சேவை எப்படி இருந்தது என்று கேட்டு, ஆம்புலன்சில் போய்க்கொண்டிருந்த டைப்பிஸ்ட் அம்மாவின் கைபேசிக்குச் செய்தி போனது. ஒரு நாளுக்குள் பதில் வராவிட்டால் ஐந்து நட்சத்திரம் என்று எடுத்துக்கொள்வது கம்பெனி வழக்கம். எடுத்துக்கொண்டார்கள்.

விசாரணை நடந்தது. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒப்புதல் வர்றதுக்கு முன்னாடி சீலை அறுத்தீங்களா?"

"இல்ல சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பதட்டத்துல, தெரியாமக்கூட?"

"இல்ல சார்."

மூவரும் மூச்சு விட்டார்கள். மச்சான் வெளியே வந்ததும் மாமாவின் தோளைத் தட்டினான். அவன் கண் கலங்கியிருந்தது. "பயந்துட்டேன் மாமா. எங்க திருப்பித் தொலைச்சிருப்பீங்களோன்னு." பொறுமையைப் பாராட்டி நாற்பத்தேழுக்கு ஒரு சான்றிதழும் ஒரு சம்பள உயர்வும் கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. குறடு ஆஸ்பத்திரிக்குப் போனார். போகச் சொன்னது மகள். டைப்பிஸ்ட் அம்மா சன்னலோரக் கட்டிலில் இருந்தார். காலைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தது. குறடு கட்டிலின் கால்மாட்டில் நின்றார். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்து வந்திருந்தார். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தெரியும்.

"என்ன தம்பி, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சும்மா."

பிறகு அந்த அம்மா, குறை சொல்லும் தொனியே இல்லாமல், ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வதுபோலச் சொன்னார்:

"நான் உள்ள போயிருக்க மாட்டேன் தம்பி. எனக்குத் தண்ணின்னா பயம். உங்க கை அதுல இருந்துச்சு பாருங்க, நீங்க அடைச்சிருவீங்கங்கிற தைரியத்துலதான் போனேன்."

குறடு தன் கையைப் பார்த்தார். மடியில் இருந்தது. நேரம் முடிந்தது என்று நர்ஸ் சொல்லும்வரை இருந்துவிட்டு எழுந்தார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடமும் மகளிடமும் அந்த அம்மா சொன்னதை அப்படியே சொன்னார். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. "அவங்க திரும்ப நடப்பாங்களா?" என்று மகளைக் கேட்டார்.

மகளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. நான்கு வருடம் அதைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். "இந்த வயசுல கஷ்டம்ப்பா."

மனைவி எழுந்து வந்து அவர் பக்கத்தில், அந்தச் சோபாவில் உட்கார்ந்தார். "போதுங்க. கடைசி ஃபீஸும் கட்டியாச்சு. வேலையை விட்டுடுங்க. நான் வாங்குன சத்தியத்தை நானே திருப்பி எடுத்துக்கிறேன்."

"விட்டுடவா?"

"விட்டுடுங்க."

அவர் மகளைப் பார்த்தார். "விட்டுடவாம்மா?"

"நாங்க சொல்றது இருக்கட்டும்ப்பா. உங்களுக்கு என்ன தோணுது?"

குறடு உண்மையாகவே தேடிப் பார்த்தார். ஸ்பேனர்ப் பையின் அடியில் சின்ன நட்டு ஒன்றைத் துழாவுவதுபோல அவர் முகம் இருந்தது.

"ஒண்ணும் தோணலம்மா" என்றார், மன்னிப்புக் கேட்கும் குரலில்.

பொழுது விடியும் முன்னே மனைவி எழுந்து, இரண்டு சீருடைகளையும் வாளியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டார். நன்றாக முக்கி, மேலே ஒரு கல்லையும் வைத்தார். மனிதர் தானாக முடிவெடுக்க மாட்டார். சட்டை இல்லாவிட்டால் வீட்டில்தானே இருந்தாக வேண்டும் என்பது அவர் கணக்கு. பிறகு அடுப்பைப் பற்றவைத்துத் தேநீர் போட்டார். நல்ல சர்க்கரை போட்டார்.

அவர் டம்ளரோடு வந்தபோது குறடு கிளம்பி நின்றார். சட்டையைப் பிழிந்திருந்தார், சரியாகப் பிழிபடவில்லை. காற்சட்டை தொடையில் ஒட்டியிருந்தது. தரையில் அவரைச் சுற்றிச் சின்னக் குட்டை கட்டியிருந்தது.

"என்னங்க இது?"

"எட்டு மணி ஷிப்டு."

"விட்டுடுறேன்னு சொன்னீங்களே."

"நீ விட்டுடுன்னு சொன்ன. விட்டுடவான்னு நான் கேட்டேன்." யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்: "உடம்புலயே காஞ்சிரும்."

அந்த அம்மாள் உள்ளே ஓடி, கொடியில் கிடந்த உலர்ந்த சட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை பின்னாலேயே வந்தார். "வேலைக்கே போங்க, நான் ஒண்ணும் சொல்லல. இதை மாட்டிக்கிட்டுப் போங்க. சளி புடிச்சுக்கும்." அவர் சட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தார். முன்னாலும் பின்னாலும் திருப்பினார். "இதுல நம்பர் இல்லியே" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

பஸ் வந்தது. கூட்டம்தான். ஆனாலும் நனைந்த மனிதருக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. இரண்டு பேர் உட்காரும் இருக்கையில் அவர் ஒருவராக, சன்னலோரம், நேராகப் பார்த்துக்கொண்டு போனார்.